காற்று சேர்க்கும், மலை பிரிக்கும்

கள்ளக்குறிச்சியிலிருந்து வடமேற்காகக் கச்சிராயபாளையம் போகும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டருக்கு ஏற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி என மாறி மாறி வரும். கச்சிராயபாளையத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலையைத் தாண்டிப் போனால் கோமுகி அணை. அணையை விட்டதும் கல்வராயன் மலை தொடங்கிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு அது. 600 மீட்டரிலிருந்து 1,200 மீட்டர் வரை உயரும். காட்டுக்குள் வளைந்து வளைந்து கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் ஏறுகிறது சாலை.

பாதி சமவெளி, பாதி மலை. சைக்கிளில் கூட்டமாகப் போவதன் அறிவியலை விளக்க இதைவிட நல்ல சாலை வேண்டியதில்லை. ஏனென்றால் எட்டுப் பேர் சேர்ந்து கிளம்பினால், முதல் பாதியில் அவர்களை ஆள்வது காற்று. இரண்டாம் பாதியில் ஆள்வது எடை. இரண்டும் இரண்டு விதமான ஆட்சி.

வாரம் ஒரு நாள் கூடி சைக்கிள் ஓட்டுவது பழைய வழக்கம்தான். காற்றடைத்த டயரை டன்லப் 1888இல் கொண்டுவருவதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1878இல், இங்கிலாந்தின் ஹாரோகேட்டில் சைக்கிள் பயணிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் நகருக்குப் போய்த் திரும்பும் 1,200 கி.மீ. பயணம் 1891இல் பந்தயமாகப் பிறந்தது; இன்று பந்தயம் இல்லாமல், 90 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும் என்று நடக்கிறது. அதில் கலந்துகொள்ள 200, 300, 400, 600 கி.மீ. என்று படிப்படியாக ஓட்டிக் காட்ட வேண்டும். சென்னையின் மெட்ராஸ் ரேண்டன்னர்ஸ் போன்ற குழுக்கள் அந்த நெடும்பயணங்களை இங்கே நடத்துகின்றன. இந்தக் குழுக்களுக்கெல்லாம் வெகு முன்னால், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சாலைக்கு வந்தார்கள். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சைக்கிள் கிளப் அதுதான். உறுப்பினர் அட்டைதான் இல்லை.

இனி நம் எட்டுப் பேருக்கு வருவோம். இவர்கள் என் கற்பனை. ஞாயிறு விடியல் ஐந்தரைக்கு, முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஆறு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவரிடம் இருப்பது பழைய இருபது கிலோ கறுப்பு சைக்கிள். இன்னொருவர் கல்லூரி மாணவர், பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச சைக்கிளை இன்னும் ஓட்டுகிறவர். அந்தத் திட்டம் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்தது. இந்த மாவட்டத்தின் பல வீட்டுத் திண்ணைகளில் அந்த சைக்கிள் நிற்கும். மாதம் ஐப்பசி.

சமவெளியில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் தனியாகப் போகும் ஒருவர் எதோடு மல்லுக்கட்டுகிறார்? டயர் சாலையில் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் தடை ஒன்று. செயினிலும் பேரிங்கிலும் கொஞ்சம் வீணாகும். மிச்சமெல்லாம் காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அந்த வேகத்தில் மொத்தம் சுமார் 110 வாட் திறன் வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்றை விலக்கவே போய்விடுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடியில் கூடும். அதனால்தான் 20இலிருந்து 25க்கு எளிதாக வந்துவிடுகிறவர், 25இலிருந்து 30க்குப் போகும்போது மூச்சு வாங்குகிறார்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அவர் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அந்த இடத்தில் காற்றும் அவரோடு கூடவே ஓரளவு நகர்கிறது. அங்கே புகுந்துகொள்பவருக்கு எதிர்க்காற்று குறைவு. இது எவ்வளவு என்பதை 1979இல் அமெரிக்கப் பொறியாளர் செஸ்டர் கைல் அளந்தார். பின்னால் வருபவரின் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தால் காற்றின் தடை சுமார் 44 சதவீதம் குறைகிறது. 2 மீட்டர் தள்ளி வந்தால் 27 சதவீதம். உடம்புக் கணக்கில் இது எப்படித் தெரியும் என்று 1990இல் இன்னோர் அமெரிக்கக் குழு பார்த்தது. ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால் மணிக்கு 32 கி.மீ. வேகத்தில் ஆக்சிஜன் தேவை சராசரியாக 18 சதவீதம் இறங்கியது. எட்டுப் பேர் கொண்ட கூட்டத்தின் பின்னால் 40 கி.மீ. வேகத்தில் போனால் 39 சதவீதம். 2018இல் பெர்ட் பிளாக்கனும் கூட்டாளிகளும் 121 சைக்கிள்களைக் கொண்ட ஒரு பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். நடுவிலும் பின்னாலும் புதைந்திருப்பவர் மீது விழும் தடை, தனியாகப் போகிறவர் மீது விழுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. இன்னொரு வேடிக்கை: பின்னால் ஒருவர் வருவதால் முன்னால் போகிறவருக்கும் சிறு லாபம் உண்டு. இரண்டு மூன்று சதவீதம்தான், ஆனாலும் லாபம். பின்னால் வருகிறவன் நம்மிடம் ஓசி வாங்குகிறான் என்று புலம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த எண்களை நம் எட்டுப் பேர் மீது வைத்துப் பார்ப்போம். ஒருவரால் ஒரு மணி நேரம் தொடர்ந்து 150 வாட் கொடுக்க முடியும். மாணவரால் 110 வாட்தான் முடியும் என்று கொள்வோம். தனித்தனியாகப் போனால் முதலாமவர் 28 கி.மீ. வேகத்தில் போவார், மாணவர் 25ஐத் தாண்ட மாட்டார். மாணவர் ஒரு மீட்டர் இடைவெளியில் பின்னால் ஒட்டிக்கொண்டால்? 28 கி.மீ. வேகத்துக்கு அவருக்குத் தேவை சுமார் 108 வாட். அதாவது அவருடைய 110 வாட்டே போதும். நாற்பது வாட் வித்தியாசத்தைக் காற்று அழித்துவிட்டது. பலசாலியும் பலவீனரும் பேசிக்கொண்டே ஒரே வேகத்தில் கச்சிராயபாளையம் போய்ச் சேர்கிறார்கள்.

பேசிக்கொண்டே என்பதை வெறுமனே சொல்லவில்லை. ஓட்டுகிறவரின் உழைப்பை அளக்க இதயத்துடிப்புக் கருவியெல்லாம் வாங்குகிறார்கள். அதைவிட மலிவான கருவி பேச்சு. தசைக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்கும் வரை முழு வாக்கியமாகப் பேச முடியும். உழைப்பு ஓர் எல்லையைத் தாண்டியதும் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கிறது. பேச்சு இரண்டு மூன்று சொற்களாக உடைகிறது. உடற்பயிற்சி ஆய்வகங்களில் இதைச் சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். குழுவில் மூத்தவர் ஒருவர் “தம்பி, பேசிக்கிட்டே வாப்பா” என்று சொல்வதும் அதே சோதனைதான். பதில் “ம்” என்று வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம்.

அப்படியானால் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதானே? கூடாது. அதுவும் ஐப்பசியில் கூடவே கூடாது. காரணம், வரிசையாகப் போகும் எதிலும் அலை பரவும். முன்னால் ஒருவர் வேகத்தடையைப் பார்த்து லேசாக பிரேக் பிடிக்கிறார். அடுத்தவர் அதைக் கவனித்துப் பிடிக்க அரை நொடி, ஒரு நொடி தாமதம். தாமதத்தை ஈடுகட்டக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறார். மூன்றாமவர் இன்னும் கூடுதலாக. எட்டாமவர் காலை ஊன்றி நின்றே விடுகிறார். பிறகு முன்னால் போனவர்கள் வேகமெடுக்க, எட்டாமவர் எல்லாரையும்விட அதிகம் மிதித்துப் பிடிக்க வேண்டும். 2008இல் ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பள்ளமோ சிக்னலோ எதுவும் இல்லாமலே சற்று நேரத்தில் நெரிசல் அலை ஒன்று தானாக உருவாகிப் பின்னோக்கி நகர்ந்தது. கச்சிராயபாளையம் கடைத்தெருவில் எட்டு சைக்கிளுக்கு நேர்வதும் அதேதான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, பலவீனமானவரைக் கடைசியில் விடக்கூடாது. கடைசி இடத்தில் காற்று குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பிறகு அங்கே செலவாகும் தெம்பு அந்த லாபத்தை விழுங்கிவிடும். அவருக்கு இரண்டாவது, மூன்றாவது இடமே சரி. மற்றது, இரண்டு மீட்டர் இடைவெளி போதும். கைல் அளந்ததைத் திரும்பப் பாருங்கள்: 2 மீட்டரிலும் 27 சதவீதம், அதாவது கிடைக்கக்கூடிய முழு லாபத்தில் பாதிக்கு மேல் கையில் இருக்கிறது. மீதியைப் பிடிக்க உயிரைப் பணயம் வைப்பது பந்தயக்காரர்களின் தொழில், நமக்கு அது வேண்டாம். ஈரச் சாலையில் மட்கார்டு இல்லாத முன் சைக்கிளின் சக்கரம் வீசும் சேற்றுத் தண்ணீரைக் கண்ணில் வாங்கியவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “குழி!”, “வண்டி!”, “மணல்!” என்று முன்னால் இருப்பவர் குரல் கொடுக்க, அதை ஒவ்வொருவரும் பின்னால் கடத்த வேண்டும். பார்வையைவிட ஒலிக்கு இங்கே மதிப்பு அதிகம்; குரல் எட்டுப் பேரையும் வேகமாக எட்டிவிடுகிறது, அலை பெருகுவதற்கு முன்பே.

கோமுகி அணை வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாக்காசு.

ஆறு சதவீத ஏற்றம் என்பது 100 மீட்டர் போனால் 6 மீட்டர் உயர்வது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 150 வாட் கொடுப்பவர் அதில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில்தான் ஏற முடியும். அந்த வேகத்தில் காற்றின் தடை மொத்தத் தடையில் நான்கு சதவீதம் அளவுக்குத்தான். ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து அந்த நான்கு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கை மிச்சப்படுத்தி யாருக்கு என்ன பயன்? ஒவ்வொருவரும் தன் எடையைத் தானே தூக்க வேண்டும். அதே எடையுள்ள 110 வாட் மாணவர் 7.6 கி.மீ. வேகத்தில் ஏறுவார். 600 மீட்டர் உயரத்தைப் பத்து கிலோமீட்டரில் ஏறினால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் மேலே இருப்பார், மற்றவர் அவரைவிட இருபது நிமிடம் பின்னால். சமவெளியில் தோளோடு தோளாக வந்த அதே இருவர். மாணவர் எலும்பும் தோலுமாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகவும் மாறலாம். மலையில் வாட் மட்டும் பேசாது, வாட்டைக் கிலோவால் வகுத்து வரும் எண்தான் பேசும். சமவெளியில் எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்த கனத்த உடம்புக்காரர் மலையில் கடைசியாக வருவது அதனால்தான்.

இந்த வேலைக்கு எவ்வளவு எரிபொருள்? 80 கிலோவை 100 மீட்டர் தூக்க 78 கிலோஜூல். தசை, உணவிலிருந்து வரும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைக்கூட முழுசாக வேலையாக மாற்றுவதில்லை; மற்றதெல்லாம் வெப்பம். ஆகவே உடம்பு செலவழிப்பது 80 கிலோ கலோரிக்குப் பக்கம். ஒரு நடுத்தர இட்லியில் 50, 60 கிலோ கலோரி இருக்கிறது. 100 மீட்டர் ஏற ஒன்றரை இட்லி. 600 மீட்டருக்கு ஒன்பது. வெறும் வயிற்றில் கிளம்பினாலும் தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைக்கோஜன் 400, 500 கிராம் அளவுக்கு இருக்கும். அது இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குத் தாங்கும். அது தீரும்போது கால் துவண்டு, கண் இருட்டி, காரணமில்லாமல் எரிச்சல் வரும். அணைக்குப் பக்கத்தில் டீ குடிக்கும்போதே இரண்டு வாழைப்பழம் உள்ளே போய்விட வேண்டும்.

கியர் இல்லாத அந்த இரண்டு சைக்கிள்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். முன் செயின் வீலில் 48 பல், பின் ஃப்ரீ வீலில் 18 பல் என்றால், பெடலை ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் 5.8 மீட்டர் நகரும். ஆறு சதவீத ஏற்றத்தில் அந்த ஒரு சுற்றில் ஆசிரியர் தன்னையும் சைக்கிளையும் முக்கால் முழம் உயர்த்துகிறார். அதற்குப் பெடல் மீது சராசரியாக 29 கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். ஆனால் விசை சுற்று முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெடல் கிடைமட்டமாக இருக்கும்போது உச்சம், மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உச்சத்தில் அது சராசரியைப் போல் இரு மடங்கு, அதாவது 60 கிலோவை நெருங்கும். அது அவருடைய உடம்பின் எடை. அதனால் சீட்டில் உட்கார்ந்தபடி அவரால் மிதிக்க முடியாது, எழுந்து நின்று மொத்த எடையையும் ஒவ்வொரு பெடலாக மாற்றி மாற்றி இறக்க வேண்டும். முன்னும் பின்னும் 34 பல் போட்ட கியர் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான், சராசரி விசை 10 கிலோவாகக் குறைந்துவிடும், ஆனால் நிமிடத்துக்கு 80 சுற்று சுற்ற வேண்டும். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றே. முட்டி படும் பாடுதான் வேறு. சாலையின் குறுக்கே வளைத்து வளைத்து ஏறுவது பழைய உத்தி; சரிவு குறையும், விசையும் குறையும். ஆனால் மலைச்சாலையில் வளைவுக்கு அந்தப்புறமிருந்து பஸ் வரும். இறங்கித் தள்ளுவதில் அவமானம் ஒன்றுமில்லை. தள்ளிக்கொண்டு நடப்பவர் மணிக்கு 4, 5 கி.மீ. போகிறார், மேலே மிதித்துப் போகும் மாணவரின் வேகத்தில் அது பாதிக்கு மேல்.

ஏறும்போது இன்னொரு தொல்லை, வியர்வை. 150 வாட் வேலை செய்பவரின் உடம்பு சுமார் 500 வாட் வெப்பத்தைக் கூடவே உற்பத்தி செய்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். ஒரு மணி நேர ஏற்றத்துக்கு முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். சொட்டுவது கணக்கில் சேராது. சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, சட்டையைத்தான் நனைக்கும். ஐப்பசி விடியலில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. போதாக்குறைக்கு, கிழக்கிலிருந்து வரும் மெல்லிய காற்று ஏறுகிறவரின் முதுகுப் பக்கம் அவர் வேகத்திலேயே வந்தால், அவரைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் நிற்கிறது என்று பொருள். குளிராக இருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் ஏறுகிறவர் வெள்ளிமலையில் தலைவலியோடு உட்கார்ந்திருப்பார். தண்ணீரோடு ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் சேர்ந்தால் நல்லது; வியர்வையில் போவது தண்ணீர் மட்டும் இல்லையே.

பாதி வழியில் மேகத்துக்குள் நுழைவதும் இந்தப் பருவத்தில் நடக்கும். கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மலைச்சரிவில் மேலேறி விரிந்து குளிர்கிறது. தரையில் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் திரளத் தொடங்கும் வெப்பநிலை) எத்தனை பாகை வித்தியாசமோ, ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 125 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடி அமையும். கள்ளக்குறிச்சியில் விடியலில் 24 பாகை, பனிநிலை 22 என்றால், தரைக்கு மேலே 250 மீட்டரிலேயே மேகம் தொடங்கிவிடும். கீழிருந்து பார்த்தால் மலைக்கு உச்சியே இருக்காது. உள்ளே போனவருக்கு அது மூடுபனி. சிவப்பு விளக்கைப் பகலிலும் அணைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இறக்கம் எல்லாருக்கும் பிடிக்கும். ஆபத்தும் அங்கேதான் அதிகம். மேலே ஏற்றி வைத்த ஆற்றல் முழுவதும் இப்போது எங்காவது போயாக வேண்டும். பிரேக்கே பிடிக்காமல் விட்டால் ஆறு சதவீத இறக்கத்தில் சைக்கிள் மணிக்கு 50 கி.மீ. வேகத்தை நெருங்கும், அதற்கு மேல் போகாமல் காற்று தடுக்கும். 20, 30 என்று ஒரு வேகத்தில் பிடித்து வைத்தால் காற்று விழுங்காத மிச்சத்தை பிரேக் விழுங்க வேண்டும். கணக்குப் போட்டால் அது சுமார் 200 வாட். ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஏறியவர் உண்டாக்கியதைவிட அதிகத் திறன், பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் வெப்பமாக மாறிக்கொண்டே இருக்கிறது. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடித்ததும் உண்டு. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, ரிம் ஆறியதும் மறுபடி பிடிப்பதே முறை. வளைவுக்கு முன்பு பிடிக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல.

ஈரத்தில் கதை இன்னும் மோசம். ரிம்மில் படிந்த தண்ணீரைக் கட்டை துடைத்து எடுக்கும் வரை, முதல் சில சுற்றுகளுக்குப் பிடிமானமே இருக்காது. பழைய சைக்கிளின் முலாம் பூசிய இரும்பு ரிம்மில் இது அலுமினிய ரிம்மைவிடப் பல மடங்கு மோசம். ஆசிரியர் மழையில் இறங்கும்போது அவருக்கு முன்னால் யாரும் போகக்கூடாது. ஈரச் சாலையில், ஆறு சதவீத இறக்கத்தில், ஓரளவு நல்ல பிரேக்கோடு, கவனித்துப் பிடிக்க ஒரு நொடி சேர்த்து, நிற்க ஆகும் தூரத்தைப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கி.மீ. என்றால் 14 மீட்டர். 30 என்றால் 27 மீட்டர். 40 என்றால் 44 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் நம் கண்ணுக்குத் தெரியும் சாலையே 20, 25 மீட்டர்தான் இருக்கும். அந்த வளைவில் சாய்வையும் பாருங்கள். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கி.மீ. வேகத்தில் திரும்ப 17 பாகை சாய்ந்தால் போதும், 30 கி.மீ. வேகத்தில் 35 பாகை. நனைந்த தாரில், அதுவும் மரத்தடியில் இலையும் பாசியும் படிந்த இடத்தில், 35 பாகை சாய்ந்தால் டயர் விட்டுவிடும். சமவெளியில் நெருக்கம் லாபம். இறக்கத்தில் நெருங்கி வருபவர் தனக்கும் முன்னால் போகிறவருக்கும் எதிரி. ஆளுக்கு ஆள் 30 மீட்டர் விட்டு, ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். நனைந்த சட்டையோடு இறங்கும்போது குளிர் நெஞ்சில் அறையும். சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை விரித்துச் செருகிக்கொள்வது பழைய பந்தய வீரர்களின் பழக்கம், இன்றும் வேலை செய்கிறது.

அடைமழை நாளில் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் பட்ட பாடும் தென்பெண்ணையின் வெள்ளமும் எல்லாருக்கும் நினைவிருக்கும். வானிலை எச்சரிக்கை இருக்கும் ஞாயிறு, வீட்டில் செயினுக்கு எண்ணெய் விடும் ஞாயிறு.

வாரம் ஒரு நாள் ஓட்டினால் உடம்புக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. 2017இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 63,000க்கு மேற்பட்டவர்களின் தரவை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரம் ஒன்றிரண்டு நாளில் மொத்தப் பயிற்சியையும் முடித்துவிடுபவர்களுக்கு, பயிற்சியே செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. காரணமும் விளைவும் எது எது என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிடாது. நலமாக இருப்பவர்தான் சைக்கிளை எடுக்கிறார் என்றும் வாதிடலாம். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு, வெள்ளிமலை போய்த் திரும்பும் ஒரே காலையில் நிறைந்துவிடுகிறது.

இப்போது திரும்பும் வழி. இங்கேதான் பருவம் தன் கையைக் காட்டுகிறது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். மலைக்குப் போகும்போது முகத்தில் அடித்து, திரும்பும்போது முதுகைத் தள்ளும். களைத்தவருக்கு வரம். ஐப்பசியில் திசை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றோடு, வெயில் ஏறிய பிறகு கடல் பக்கத்துக் காற்றும் சேர்ந்து கிழக்கிலிருந்து வீசும். மணிக்கு 14 கி.மீ. வேகக் கிழக்குக் காற்று என்றால், கச்சிராயபாளையத்திலிருந்து தென்கிழக்காகக் கள்ளக்குறிச்சி திரும்புகிறவருக்கு அதில் 10 கி.மீ. நேர் எதிர், மற்றொரு 10 இடது பக்கம். 25 கி.மீ. வேகத்தில் மிதிப்பவர் உணரும் காற்றின் தடை இரு மடங்காகிவிடும். காலையில் அதே காற்று முதுகுப் பக்கம் இருந்தபோது தேவைப்பட்டது சுமார் 60 வாட். இப்போது 185 வாட்டுக்கு மேல். போகும்போது மிச்சமானதைவிடத் திரும்பும்போது இழப்பது அதிகம்; வர்க்கக் கணக்கின் வேலை அது.

இடது முன்பக்கமிருந்து காற்று வந்தால், காற்று மறைவு நேர் பின்னால் இருக்காது; வலது பின்பக்கம் தள்ளி இருக்கும். ஐரோப்பியப் பந்தயங்களில் இப்படிப்பட்ட காற்றில் சாலையின் அகலம் முழுவதும் சாய்கோடாக விரிந்து போவார்கள். அங்கே சாலையை அடைத்திருப்பார்கள். நம் ஊரில் இடது ஓரமாகப் போக வேண்டும். வலது பின்பக்கம் என்பது பஸ்ஸும் டிராக்டரும் வரும் இடம். எனவே நல்ல மறைவை விட்டுக்கொடுத்து ஒரே வரிசையாக வருவதுதான் புத்திசாலித்தனம். அறுவடைக் காலம் வந்து சாலையோரம் மக்காச்சோளம் காயப்போட்டுவிட்டால் அந்த வரிசைக்கும் இடம் நெருக்கடிதான். உருளும் மணிகள் மீது ஏறினால் எந்த டயரும் நிற்காது.

அந்த வரிசையிலும் லாபம் உண்டு. இரண்டு மீட்டர் இடைவெளியில் எட்டுப் பேர் முறை வைத்து முன்னால் வந்தால், ஆளுக்குச் சராசரியாக 155 வாட்டுக்குள் முடியும். தனியாகப் போனால் 185க்கு மேல். ஏற்றத்தில் 150 வாட் கொடுத்த பலசாலிக்கே அது எட்டாத எண். குழுவிலும் அதே வேகம் வேண்டும் என்றால் எல்லாருக்கும் கடினம். வேகத்தை 20க்குக் குறைத்தால் மாணவரும் ஆசிரியரும் தாராளமாக வந்துவிடுவார்கள்.

மலையில் முதலில் ஏறிய பலசாலிக்கு ஒரு சபலம் வரும்: இருபது நிமிடம் யார் காத்திருப்பது, இறங்கிப் போய்விடலாமே என்று. அவர் போடும் கணக்கில் கிழக்குக் காற்று இல்லை. மேலே காத்திருக்கும் இருபது நிமிடத்தில் அவர் தனக்காக ஏழு முதுகுகளைச் சேர்த்துக்கொள்கிறார். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கல்வராயன் மலைக்குப் போகும் எந்தக் குழுவும் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்வதானால், மேலே எல்லாரும் வந்து சேரும் வரை யாரும் இறங்கக் கூடாது என்பதையே வைத்துக்கொள்ளட்டும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு: பிரேக் கட்டையைச் சனிக்கிழமை மாலையே பார்த்துவிடுங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஞாயிறு விடியலில் எந்த சைக்கிள் கடையும் திறந்திருக்காது.